பதினைந்தாவது மாணவி

எங்கள் துறையின் முதலாம் ஆண்டில் குறைந்தது பதினைந்து பேர் இருக்க வேண்டும். பதினான்கு என்றால் அந்த ஆண்டு இயற்பியல் வகுப்பு கிடையாது. முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் யார் வந்தால் என்ன, போனால் என்ன, எவரும் கேட்கப் போவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் பட்டியலில் பதினைந்து பெயர் இருந்தால் போதும்.

நான் ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்ந்த வருடம் இதே வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். பெஞ்சு பற்றாமல் ஆய்வுக்கூடத்து ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடுத்த வருடம் முப்பத்தொன்று. அதற்கடுத்து இருபத்திரண்டு. ஆள் குறையக் குறையக் கல்லூரி தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தது. முதலில் கேண்டீன் மூடியது. பிறகு, வாசல்வரை வந்துகொண்டிருந்த பேருந்து, ஏறி இறங்க ஆள் இல்லையென்று சாலை முனையிலேயே திரும்பிப் போக ஆரம்பித்தது. பேருந்து வராததால் அடுத்த வருடம் இன்னும் ஆறு பேர் குறைந்தார்கள். விடுதிக் கட்டடத்தை ஒரு டைல்ஸ் வியாபாரி குடோனாக வாடகைக்கு எடுத்தார். பிள்ளைகள் தூங்கிய அறைகளில் இப்போது யார் யாருடைய குளியலறைத் தரைகளோ அட்டைப்பெட்டிக்குள் தூங்குகின்றன.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பிள்ளைகளே பிறப்பதில்லை, மூன்று பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கிவிட்டார்கள் என்பார் முதல்வர். படித்தவன் செல்போன் கடையில் கவர் மாட்டிக்கொண்டிருக்கிறான், அதைப் பார்த்த தம்பி ஏன் படிக்க வருவான் என்பார் நூலகர். ஆறு மாதத்தில் வேலை என்று போர்டு வைத்தவர்களிடம் போகிறார்கள் என்பார்கள் மற்றவர்கள். எல்லாமே சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். ஒரு காரணமாவது தப்பாக இருந்திருந்தால் அதோடு சண்டை போட்டிருக்கலாம்.

எங்கள் துறைத் தலைவரை மாணவர்கள் நியூட்ரான் என்று கூப்பிடுவார்கள். எந்தப் பக்கமும் சாயமாட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு. வகுப்பு நின்றால் அவருக்குக் கணிதத் துறையில் ஒரு நாற்காலி கிடைக்கும், தலைவர் என்ற பலகை கிடைக்காது. ஆய்வுக்கூட உதவியாளரை அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். எந்த மின்சாரக் கோளாறுக்கும் முதலில் ஃபியூஸைத்தான் பார்ப்பார் என்பதால் அவர் எங்களுக்கு ஃபியூஸ் அண்ணன். என்னை மாற்ற எந்த இடமும் இல்லை. வீட்டுக்குத்தான். வேலை போகிறது என்பது ஒரு பக்கம். இருட்டாக்கிய அறையில், முப்பட்டகத்தின் வழியே போன வெளிச்சம் சுவரில் நிறம் நிறமாக உடைவதை ஒரு வகுப்பு முதன்முறையாகப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தை நான் வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறேன். அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

அதனால்தான் கோடை முழுவதும் நோட்டீஸ் கட்டோடு தெருத்தெருவாக அலைந்தேன். எங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்று தெரு, ஆளுக்கு ஐந்து மாணவர்கள். நான் பிடித்த ஐந்தாவது பெண்தான் பட்டியலில் பதினைந்தாவது.

அவள் அம்மா சலவைக் கடை வைத்திருந்தார். நான் போனபோது ஒரு வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை துணி?" என்றார் நிமிராமல்.

"துணி இல்லங்க. நான் காலேஜ்லேருந்து வர்றேன்."

"ஓ, நீங்களுமா. காலையில ஒரு காலேஜ் வந்துச்சு. நேத்து ரெண்டு. ஒருத்தர் பை குடுத்தாரு, ஒருத்தர் தண்ணி பாட்டில் குடுத்தாரு. நீங்க என்ன குடுப்பீங்க?"

நோட்டீஸை நீட்டினேன். வாங்கி, மடித்து, மேசையின் ஆடும் காலுக்கு அடியில் வைத்தார். ஆட்டம் நின்றது.

"இது ஒண்ணுதான் உபயோகமா இருக்கு," என்றார்.

தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளை விலக்கிக்கொண்டு பெண் வந்தாள். எண்பத்தொன்பது விழுக்காடு. நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். வருமா வராதா தெரியாது. இயற்பியலும் பிடிக்கும் என்றாள். என்னிடம் இரக்கப்பட்டுச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"இங்க சேர்ந்து வை," என்றேன். "அங்க சீட் வந்தா போயிக்கலாம்."

அம்மா தேய்ப்புப் பெட்டியை நிறுத்தி வைத்தார். "ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வச்சுக்குவீங்களாமே. எதிர்வீட்டுப் பையன் வேற இடம் போறேன்னு ஒரு வருஷம் உங்க காலேஜுக்கு நடந்தான். செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்."

அவர் சொன்னது உண்மை. நான்காவது வருடமாக நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டுமென்று வாங்கி இரும்பு பீரோவில் வைத்துவிடுவோம். அசல் உள்ளே போனால் ஆள் வெளியே போக முடியாது. நாங்கள் மட்டுமல்ல, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

"பீரோ சாவி என்கிட்டதாங்க இருக்கு," என்றேன். "நீங்க கேட்ட அன்னிக்கே நான் எடுத்துக் குடுக்கறேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கறை போகுமா போகாதா என்று துணியைப் பார்ப்பது போல. "காலேஜை நம்பி விடல. உங்களை நம்பி விடறேன்," என்றார்.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் அந்தப் பெண் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று செல்போனை நீட்டினாள். நர்சிங் கல்லூரியிலிருந்து செய்தி. இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வராவிட்டால் இடம் ரத்து.

"சந்தோஷம்மா," என்றேன். என் காதுக்கே அது யாரோ சொன்னது போல் கேட்டது.

சாவி என் கைப்பைக்குள் இருந்தது. பீரோ பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய்த் திறந்து கொடுத்திருந்தால் இரண்டு நிமிடம். "நாளைக்குக் காலையில வா, எடுத்து வைக்கறேன்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு ராத்திரிக்குள் எங்கிருந்தாவது இன்னொருவர் முளைத்துவிடுவார் என்று நினைத்தேன். சாயங்காலம் விட்டுப்போன இரண்டு தெருவுக்கு நடந்தேன். ஒரு வீட்டில் நாய் குரைத்தது. இன்னொரு வீட்டில் பையன் ஏற்கெனவே வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தான். அந்தக் கல்லூரியின் தண்ணீர் பாட்டிலிலிருந்துதான் எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினார்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் வந்துவிட்டாள். நியூட்ரானிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு? நான் வேண்டாம்னு சொன்னேனா?"

"அப்ப குடுத்துடட்டுமா சார்?"

"குடும்மா. நோ டியூஸ் ஃபார்ம் மட்டும் பூர்த்தி பண்ணி வாங்கிக்கோ. பின்னாடி ஆடிட்டுல கேப்பாங்க."

பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவும் கையெழுத்திடும் அந்தப் படிவத்தை நான் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நிலை வந்ததில்லை. நாங்கள் யாரையும் விட்டதே இல்லை. ஏழு கட்டங்கள். நூலகம், ஆய்வுக்கூடம், விளையாட்டு, அலுவலகம், வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், துறைத் தலைவர். முதல் ஆறும் இருந்தால்தான் ஏழாவது.

நானும் அவளும் கட்டடம் கட்டடமாக நடந்தோம். நூலகர் பேரேட்டை இரண்டு முறை புரட்டினார்.

"இந்தப் பொண்ணு ஒரு புத்தகம்கூட எடுக்கலையே."

"அதத்தான் சார் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"எடுக்காத புத்தகத்தைத் திருப்பிக் குடுத்ததா நான் எப்படிம்மா எழுதறது?"

அதற்கு இருபது நிமிடம் ஆனது. ஆய்வுக்கூடத்தில் ஃபியூஸ் அண்ணன் படிவத்தை வாங்கி, அவளை ஒருதரம் பார்த்து, என்னை ஒருதரம் பார்த்தார். இந்தக் கையெழுத்து தன் மேசையைத்தான் தூக்கிக்கொண்டு போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"ஒரு லென்ஸ்கூட உடைக்காம போறியேம்மா," என்று சொல்லிவிட்டுப் போட்டுக் கொடுத்தார். பேனாவை மூடப் போனவர் மூடாமல், "நல்லா ஊசி போடக் கத்துக்கோ. எனக்குப் போடறவங்க எல்லாம் கையை ரணமாக்கிடறாங்க," என்றார்.

விளையாட்டு ஆசிரியர் மைதானத்தில் இல்லை, பிள்ளைகளும் இல்லை. புல் முழங்கால் உயரம் இருந்தது. அவரை மரத்தடியில் தேடிப் பிடித்தோம். அலுவலகத்தில் எழுத்தர் முத்திரை மைக்கு ஆள் அனுப்பியிருந்தார். வகுப்பாசிரியர் கட்டத்தில் நானே போட்டேன். பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது.

விடுதி வாசலில் லாரி நின்றது. காவலாளி மட்டும் இருந்தார்.

"வார்டனா? நான் வந்தப்போவே இல்லம்மா. இப்ப இங்க இருக்கறது எல்லாம் ரெண்டுக்கு ரெண்டு, பாலிஷ் போட்டது. என்ன கையெழுத்து? நான் வேணா போட்டுத் தரட்டா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அது ஒன்றுதான். நானும் சிரித்தேன். எதிர்வீட்டுப் பையன் ஒரு வருடம் எங்கே நடந்தான் என்று சிரித்து முடித்த பிறகுதான் புரிந்தது. இந்தக் கட்டத்துக்குத்தான். இல்லாத விடுதியின் இல்லாத காப்பாளரைத் தேடித்தான்.

திரும்பி வந்து நியூட்ரானிடம் சொன்னேன்.

"வார்டன் போஸ்ட் மூணு வருஷமா காலி சார்."

"தெரியும்."

"அப்ப யாரு போடறது?"

"யாராவது போடணும்."

"அதான் சார், யாரு?"

"நான் எப்படிம்மா சொல்றது? நான் வேண்டாம்னு சொல்லல. கட்டம் காலியா இருந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது, அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத பாரு. நாளைக்கு ஆறு மணிக்கு வரச் சொல்லு. படிவமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நானே என் கையால எடுத்துக் குடுக்கறேன். ஒரே ஒரு நாள்."

"இன்னிக்கு நாலு மணிதான் சார் கடைசி."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாதும்மா. அவங்ககிட்ட போய் அழுதா விட்டுடுவாங்க. நமக்குத்தான் ஒரு நாள்ல எல்லாம் ஆயிடும்." அவர் குரலில் அதட்டல் இல்லை. ஆதங்கம்தான் இருந்தது. "உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்பதுதான் தாங்க முடியவில்லை. வாசலில் அவள் செல்போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இருக்காங்கம்மா. மேடம் கூடவேதான் இருக்காங்க. வாங்கிடுவோம்." அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேனாவை எடுத்தேன். விடுதிக் காப்பாளர் என்ற கட்டத்தில் என் பெயரை, புரியும்படி, முழுசாக எழுதினேன். கீழே தேதி போட்டேன். படிவத்தை அவர் முன்னால் வைத்தேன்.

நியூட்ரான் அதைப் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டம் நிறைந்துவிட்டது, அவருக்கு வேறு வழி இல்லை.

நர்சிங் கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. செய்த வேலை பாதியில் நிற்கக் கூடாது என்ற பிடிவாதம். ஜன்னலோரத்தில் அவள் சான்றிதழ் உறையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் மணி பார்த்தோம். மூன்று ஐந்து. மூன்று பதினெட்டு. ஓட்டுநர் ஒரு நிறுத்தத்தில் இறங்கி நிதானமாக டீ குடித்தார். அவரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல் இருந்தது. மூன்று நாற்பதுக்கு இறங்கி ஓடினோம்.

சேர்க்கைக் கூடம் பெரிதாக, குளிராக இருந்தது. வரிசை வரிசையாக நீல நாற்காலிகள். சுவரில் டோக்கன் எண் காட்டும் பலகை. நுழைவாயிலில் ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு வந்தது. எண் மூன்று.

கவுண்டரில் இருந்த பெண் எழுத்தர் எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வாம்மா, வா. உட்காரு. தண்ணி குடிக்கறியா?"

உறையைக் கவுண்டரில் வைத்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. "நாலு மணிக்குள்ள வந்துட்டோம்ல?" என்றேன்.

"நாலு மணியா? ஆமா ஆமா." அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்க அக்காவா?"

"டீச்சர். வழியில பஸ் நின்னுடுச்சு, பயந்துட்டோம்."

"எதுக்குங்க பயம்? நாளைக்கு வந்திருந்தாலும் சேர்த்திருப்போம். அடுத்த வாரம் வந்திருந்தாலும்தான்."

நான் அவரையே பார்த்தேன்.

"மெசேஜ்ல ரத்துன்னு போட்டிருந்துதே."

"அப்படிப் போடலன்னா யாருங்க வர்றாங்க?" அவர் சாதாரணமாகச் சொன்னார், வெயில் அதிகம் என்று சொல்வது போல. "நூறு சீட்டுல நாப்பது காலி. வெயிட்டிங் லிஸ்ட்டுல இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிட்டோம். காலையிலேருந்து நீங்கதான் மூணாவது."

உறை இன்னும் கவுண்டரின் மேல்தான் இருந்தது, பாதி அவர் பக்கம், பாதி எங்கள் பக்கம். ஒரு நாள். நியூட்ரான் கேட்ட அதே ஒரே ஒரு நாள். நாளை மாலை ஐந்து மணிவரை இந்தப் பெண் எங்கள் பட்டியலில் இருந்துவிட்டு, நாளை மறுநாள் இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நியூட்ரான் சொன்னது சரி. தப்பான காரணத்துக்காகச் சொன்னார், ஆனால் சரி. படிவத்தில் என் பெயரைப் பெருமையாக எழுதியபோது அதை நினைத்துப் பார்க்கும் புத்தி எனக்கு இல்லை.

உறையின் மேல் கை வைத்தேன்.

"நாளன்னிக்கு வந்து குடுத்தா ஏத்துக்குவீங்களா?" என்று எழுத்தரைக் கேட்டேன். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "ஒரே ஒரு நாள்மா. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் மட்டும். நானே உன்னைக் கூட்டிக்கிட்டு வர்றேன். உங்க அம்மாகிட்ட நான் பேசறேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்படத் தெரியாத பெண்ணா, மரியாதைக்காக அடக்கிக்கொண்டாளா, தெரியவில்லை.

"நேத்தும் நீங்க நாளைக்குன்னுதான் மேடம் சொன்னீங்க," என்றாள்.

என் கை தானாகவே எழுந்தது. அவள் உறையை ஒரு விரலால் எழுத்தரின் பக்கம் தள்ளினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அங்கே சாம்பல் நிறத்தில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. திறந்தார், வைத்தார், பூட்டினார்.

"எப்ப திருப்பித் தருவீங்க?" என்றேன்.

"கோர்ஸ் முடிஞ்சதும்," என்றார் சிரித்தபடி. "அதுவரைக்கும் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

எனக்கு யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பின்மேல் என்று சொல்லலாம். ஆனால் சான்றிதழ் வாங்கி வைக்கும்போது நானும் பதினான்கு பெற்றோரிடம் பத்திரமாக இருக்கும் என்று இதே மாதிரி சிரித்திருக்கிறேன். அந்தப் பெண் படிவங்களை நிரப்பத் தொடங்கினாள். நான் கூடத்தின் ஓரத்துக்கு வந்தபோது செல்போன் அடித்தது. நியூட்ரான்.

"எங்கம்மா இருக்கே?"

"அவங்க காலேஜ்லதான் சார்."

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு சார்." அந்தக் கடைசித் தேதி பொய் என்பதைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அவர் கணக்குப் போட்டார். "அப்ப பதினாலு."

"ஆமா சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவரோ அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கும்மா. அந்த மாதிரி இடத்துல சீட் கிடைக்காதவங்க நிறைய பேர் உட்கார்ந்திருப்பாங்க. மனசு உடைஞ்சு போய் இருப்பாங்க. பக்கத்துல போய் உட்கார்ந்து பேசு. ஒருத்தர் போதும். சுத்திப் பாரு."

சுற்றிப் பார்த்தேன். நீல நாற்காலிகள் சுவர்வரை போயிருந்தன. கவுண்டரில் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். துப்புரவுப் பெண் ஒருவர் ஈரத் துணியால் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார், யாருமே உட்காராத நாற்காலிகளை. பலகையில் எண் மூன்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"சார், இங்கயும் யாரும் இல்ல."

"நல்லா பாரு."

"பார்த்துட்டேன் சார்."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆய்வுக்கூடத்தின் மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது.

"எதுக்கும் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துட்டு வா," என்றார்.

துடைத்து முடித்த வரிசையில், ஈரம் காயாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.